அறுக்காமல் விட்ட கோதுமை

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)

இலக்கியக் கூட்டத்தில் மண்ணைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கக்கூடும். நம்முடைய புலம்பெயர் எழுத்தில் 'மண்' என்ற சொல் வராத பக்கம் குறைவு. ஆனால் கையால் அள்ளினால் நகத்துக்குள் புகுந்துகொள்கிற அந்தப் பொருளைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. உழுதவன் போய்விட்ட பிறகு ஒரு வயலின் மண் என்ன செய்கிறது? அதன் வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

இந்தக் கேள்வி எனக்குள் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் காணி வலிகாமம் வடக்கில் இருக்கிறது. பத்துப் பரப்பு, செம்மண் தோட்டக் காணி. 1990 ஜூனில் அதை விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 2018இல் விடுவிக்கப்பட்டபோது சித்தப்பா போய்ப் பார்த்து வட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினார். வீடு இருந்த இடம் தெரியவில்லை. கிணற்றுக் கட்டு மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் ஆள் உயரப் பற்றை, இடையிடையே வடலி, ஒரு பெரிய வேம்பு. அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "28 வருசம் கொத்தாத மண். செத்துப்போயிருக்கும்."

அம்மா சொன்னதில் ஆச்சரியமில்லை. தரிசு, கரம்பு, பாழ் என்று நம்மிடம் இருக்கிற சொற்கள் எல்லாம் ஏர் பிடித்தவன் நின்று பார்க்கிற பக்கத்திலிருந்து பிறந்தவை. விளையாத நிலம் என்பதைத்தான் அவை சொல்கின்றன. அந்த நிலத்துக்குள் வேறொரு வேலை நடந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு அவற்றில் இடமில்லை. நானும் அம்மா சொன்னதை அப்படியே நம்பினேன். நம்பியதால் நடந்த ஒரு காரியத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வசிப்பது இங்கிலாந்தில். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் ஹார்பென்டன் என்ற சிறு நகரம் வரும். அங்கேதான் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம் இருக்கிறது. உலகத்தின் மிகப் பழைய வேளாண் ஆய்வு நிலையங்களில் ஒன்று. அதன் வயல் ஓரத்தில் ஒரு சின்னக் காடு நிற்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால், உழவுக்கு ஒத்துவராத மூலை போலிருக்கிறது என்று நினைத்துக் கடந்துபோவார்கள். ஆனால் அது 1882 வரை கோதுமை வயல். அங்கே காடு எப்படி வந்தது என்பது ஆண்டுக் கணக்கோடு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கைவிடப்பட்ட வயல்கள் உலகமெங்கும் உண்டு. கைவிடப்பட்ட நாளிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்து எழுதிய வயல்கள் மிகச் சில.

இதைத் தொடங்கியவர் ஜான் பென்னட் லாஸ். 1814இல் பிறந்தவர். ராதம்ஸ்டெட் பண்ணை அவருடைய குடும்பச் சொத்து. எலும்பையும் பின்னர் பாறைப் பாஸ்பேட்டையும் கந்தக அமிலத்தில் கரைத்து உரம் செய்யும் முறைக்கு 1842இல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு நாம் சூப்பர் பாஸ்பேட் என்று சொல்வது அதைத்தான். லண்டனில் தொழிற்சாலை போட்டார், பணம் வந்தது. அந்தப் பணத்தில் 1843இல் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். இருவரும் 57 ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தார்கள். லாஸ் 1900இல் இறந்தார், கில்பர்ட் அடுத்த ஆண்டு.

1843இலேயே பிராட்பால்க் என்ற வயலில் கோதுமைச் சோதனை தொடங்கியது. வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஒன்றுக்கு மாட்டெரு, ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று வைத்தார்கள். அந்தச் சோதனை இன்றுவரை நடக்கிறது. ஒன்றுமே போடாத பட்டை இன்றும் ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் கோதுமை தருகிறது. மிகக் குறைவான விளைச்சல்தான். ஆனால் 180 ஆண்டுகள் கொடுக்காமல் எடுத்தும் அது முற்றாக நின்றுவிடவில்லை.

1882இல் லாஸ் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். வயலின் மேற்குக் கோடியில் சுமார் அரை ஏக்கர் கோதுமையை அறுக்காமல் விட்டார். வேலி போட்டு அடைத்தார். விளைந்த கதிர் அப்படியே உதிரட்டும், உதிர்ந்தது முளைக்கட்டும், யாரும் தொடக்கூடாது. மனிதன் பக்கத்தில் இல்லாவிட்டால் கோதுமை களைகளோடு போராடிப் பிழைக்குமா என்று பார்ப்பதுதான் அவருடைய நோக்கம். மண்ணைப் பற்றிய சோதனையாக அது தொடங்கவில்லை.

அடுத்த ஆண்டு கோதுமை முளைத்தது. அதற்கடுத்த ஆண்டு குறைந்தது. 1886இல் தேடிப் பார்த்தபோது சில செடிகள்தான் கிடைத்தன. அவையும் குள்ளமாகி, கோதுமை என்று அடையாளம் சொல்வதே சிரமம் என்கிற நிலையில் இருந்தன. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் பேணிய பயிர், நான்கே ஆண்டுகளில் அந்த அரை ஏக்கரிலிருந்து மறைந்துவிட்டது.

லாஸின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் வேலியை எடுக்கவில்லை. 1886இல் இன்னொரு வயலையும் அதேபோல் விட்டார்கள். அதன் பெயர் கீஸ்கிராஃப்ட். அங்கே 1847 முதல் 30 ஆண்டுகள் அவரைப் பயிர்ச் சோதனை நடந்தது. விளைச்சல் சரிந்து 1878இல் கைவிட்டார்கள். சில ஆண்டுகள் குளோவர் போட்டுப் பார்த்தார்கள். பிறகு அதில் 1.3 ஹெக்டேரை அடைத்துவிட்டார்கள். ஒரே ஊர், ஒரே மழை, மேலோட்டமாக ஒரே வகை மண். இரண்டும் நெடுங்காலம் உழப்பட்ட நிலங்கள்.

முதலில் களைகள், பிறகு புல், பிறகு முட்செடிகள், பிறகு மரம். பிராட்பால்க் துண்டில் ஹோதார்ன் என்கிற முள்மரமும் ஆஷும் சிக்கமோரும் எழுந்தன. கீஸ்கிராஃப்டில் ஓக் மரங்கள் வந்தன, அவற்றின் நிழலில் ஹோலி. யாரும் நடவில்லை. காற்றும் பறவையும் அணிலும் கொண்டுவந்த விதைகள்.

பிராட்பால்க் துண்டின் ஒரு பகுதியில் மட்டும் 1900 அளவிலிருந்து ஆண்டுதோறும் மரக்கன்றுகளைக் களைந்துவந்தார்கள். அங்கே இன்றும் மரம் இல்லை, புல்லும் பூண்டும்தான். 1957 முதல் அதிலும் ஒரு பங்கைப் புல் வெட்டிப் பராமரித்தார்கள், பின்னர் செம்மறி ஆடு மேய விட்டார்கள். ஆக அந்த அரை ஏக்கருக்குள் காடு, புதர்நிலம், மேய்ச்சல் நிலம் என்று மூன்று இருக்கின்றன. 'இயற்கையாக விட்டால் இதுதான் வரும்' என்று ஒரே விடையைச் சொல்ல முடியாது என்பதற்கு அந்த இடமே சாட்சி.

இனி மண்ணுக்கு வருவோம். ராதம்ஸ்டெட்டின் பெரிய சொத்து அதன் வயல்கள் மட்டுமல்ல, அதன் போத்தல்களும்தான். லாஸும் கில்பர்ட்டும் எடுத்த மண், தானியம், வைக்கோல் மாதிரிகளைக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து வைத்தார்கள். பின்வந்தவர்களும் வைத்தார்கள். இன்று ஏறத்தாழ 3 லட்சம் மாதிரிகள் அங்கே இருக்கின்றன. பிராட்பால்க் துண்டைக் கைவிடுவதற்கு முன் 1881இல் எடுத்த மண் போத்தலில் இருந்தது. 1904இல், அப்போதைய இயக்குநர் ஆல்ஃபிரட் டேனியல் ஹால் அதே இடங்களில் திரும்பவும் மண் எடுத்தார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தபோது, யாரும் எருப் போடாத மண்ணில் நைட்ரஜன் கூடியிருந்தது.

இது ஏன் பெரிய செய்தி என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். செடிகள் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்குமா என்பது 19ஆம் நூற்றாண்டின் பெரிய சண்டை. லாஸும் கில்பர்ட்டும் ஈவன் பியூ என்ற அமெரிக்கரும் சேர்ந்து 1857 முதல் ஒரு கடுமையான சோதனை செய்தார்கள். வேறெதுவும் கலந்துவிடக்கூடாது என்பதற்காக மண்ணைச் சுட்டு, கண்ணாடிக் கவிகையின் கீழ் செடி வளர்த்தார்கள். செடி காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கவில்லை என்பது முடிவு. சோதனையில் பிழையில்லை. ஆனால் மண்ணைச் சுட்டபோது அந்த வேலையைச் செய்கிற நுண்ணுயிர்களும் செத்துப்போயின. அவர்கள் அளவுக்கு மீறிக் கவனமாக இருந்ததே விடையை மறைத்துவிட்டது.

1886 செப்டம்பரில் பெர்லினில் நடந்த அறிவியல் மாநாட்டில் ஹெர்மன் ஹெல்ரீகல் உண்மையை அறிவித்தார். பயறு இனச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. அந்தக் கூட்டத்தில் கில்பர்ட் இருந்தார். ஊருக்குத் திரும்பி அவரும் லாஸும் சோதனையைத் திரும்பச் செய்து, ஹெல்ரீகல் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். கீஸ்கிராஃப்ட் அடைக்கப்பட்ட ஆண்டும் அதே 1886தான்.

ஆகவே 1904இல் ஹால் பார்த்ததற்கு விளக்கத்தின் ஒரு பங்கு கையில் இருந்தது. பிராட்பால்க் துண்டில் காட்டுப் பயறு இனச் செடிகள் ஏராளமாக வளர்ந்திருந்தன. கீஸ்கிராஃப்டில் அவை மிக அரிது. நைட்ரஜனும் முதலாவதில் அதிகம், இரண்டாவதில் குறைவு. மழையோடும் தூசியோடும் வந்து சேர்வது இன்னொரு பங்கு.

2003இல் பால் பொல்டனும் துணை ஆய்வாளர்களும் சுமார் 120 ஆண்டுகளின் கணக்கை முடித்து வெளியிட்டார்கள். பிராட்பால்க் காட்டில் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரி 3.39 டன் கார்பன் சேர்ந்திருக்கிறது. அதில் 2.85 டன் மரங்களில், 0.54 டன்தான் சருகிலும் மண்ணிலும். கீஸ்கிராஃப்டில் மொத்தம் 2 டன், அதில் மண்ணுக்கும் சருகுக்கும் போனது 0.38 டன். நைட்ரஜன் கணக்கு தலைகீழ். பிராட்பால்க்கில் ஆண்டுக்கு 49.6 கிலோ சேர்ந்தது. அதில் 36.8 கிலோ மண்ணில், மரத்தில் 12.8 கிலோதான். கண்ணுக்குத் தெரிகிற செல்வம் மேலே மரமாக நிற்கிறது. பயிருக்கு வேண்டிய செல்வம் கீழே ஒளிந்திருக்கிறது.

எவ்வளவு கீழே? இதை நன்றாகக் கவனியுங்கள். அவர்கள் மண்ணை 69 சென்டிமீட்டர் ஆழம் வரை அளந்தார்கள்; அதன் மேல் அடுக்கு 23 சென்டிமீட்டர், அதாவது 9 அங்குலம். நம் பழைய கணக்கில் சரியாக ஒரு சாண். கலப்பை எட்டுகிற ஆழமும் ஏறக்குறைய அதுதான். நூறாண்டு மீட்சியின் பெரும்பங்கு அந்த ஒரு சாணுக்குள் இருக்கிறது.

உழாமல் விட்டால் ஏன் கூடுகிறது? காரணம் எளிது. உழும்போது மண் கட்டிகள் உடைகின்றன. அவற்றுக்குள் மறைந்திருந்த மக்குக்குக் காற்று கிடைக்கிறது, நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாக வெளிவிடுகின்றன. அறுவடையில் தானியமும் வைக்கோலும் வெளியே போகின்றன. வருவது குறைவு, செலவு அதிகம். உழவு நின்றால் இது மாறுகிறது. வேர் அங்கேயே செத்து அங்கேயே மக்குகிறது. இலை அங்கேயே விழுகிறது. பூஞ்சை இழைகள் அறுபடாமல் படர்ந்து மண் துகள்களைப் பிணைக்கின்றன. மண்புழு சருகை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. மண்புழுவின் இந்த வேலையைப் பற்றி டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை வெளியிட்டது 1881இல், லாஸ் கோதுமையை அறுக்காமல் விட்டதற்கு முந்தைய ஆண்டு.

ஆனால் இந்தச் சேமிப்பு முடிவில்லாமல் ஏறுவதில்லை. முதல் சில பத்தாண்டுகளில் வேகமாகக் கூடும், பிறகு மெதுவாகும், வரவும் செலவும் சமமாகும் ஓரிடத்தில் நிற்கும். டேவிட் ஜென்கின்சன் 1970களில் இந்த வரவு செலவை ஒரு கணித மாதிரியாக எழுதினார். மண் கார்பன் எப்படி மாறும் என்று கணிக்க உலகின் பல நாடுகளில் இன்று பயன்படும் மாதிரிகளில் அதன் வழிவந்ததும் ஒன்று.

இதுவரை சொன்னதைக் கேட்டால் 'விட்டுவிடு, மண் தானே தேறிவிடும்' என்ற ஆறுதல் கிடைக்கும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த இரண்டு வயல்களின் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது.

மண்ணின் புளிப்பை பிஎச் என்ற எண்ணால் அளப்பார்கள். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே போகப்போகப் புளிப்பு. கைவிட்டபோது கீஸ்கிராஃப்ட் மண் 7க்கு அருகில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முடிவில் 4.4. பிராட்பால்க் துண்டோ 7க்கு மேலேயே நின்றது. ஒன்றில் மண் நன்றாக இருக்க, மற்றது புளித்துப்போனது ஏன்?

விடை 1882க்கு வெகு முன்னால் இருக்கிறது. ஹார்ட்ஃபர்ட்ஷயர் பகுதியில் மேலே களிமண், அதன் கீழே சுண்ணப்பாறை. அந்த ஊர் விவசாயிகள் குழி தோண்டிக் கீழேயிருந்து வெண்சுண்ணத்தை வாரி வயலில் பரப்புவார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பரவலாக இருந்த வழக்கம் அது. குளிர்காலப் பனியில் அந்தக் கட்டிகள் உடைந்து மண்ணோடு கலக்கும். மிகக் கடுமையான கூலி வேலை. பிராட்பால்க் வயலுக்கு அப்படி ஏராளமான சுண்ணம் கிடைத்திருந்தது. கீஸ்கிராஃப்டுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. மழைநீர் சுண்ணத்தை மெல்ல மெல்லக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். ஆலைப் புகையால் வந்த அமில மழை அதை விரைவுபடுத்தியது. மரங்கள் காற்றிலிருந்த அமிலத்தை இலைகளில் பிடித்து இன்னும் கூடுதலாக மண்ணில் இறக்கின. பிராட்பால்க்கில் தாங்கிக்கொள்ளச் சுண்ணம் இருந்தது, கீஸ்கிராஃப்டில் இல்லை. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்கு நஞ்சாகிறது. பயறு இனங்கள் தேறுவதில்லை. மண்புழு குறைகிறது, சருகு மக்காமல் மேலேயே தங்குகிறது.

சுண்ணம் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. தங்கள் பார்லியும் கோதுமையும் விளையவேண்டும் என்றுதான் அவர்கள் சுமந்தார்கள். ஒரு காட்டின் தலைவிதியை எழுதுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எழுதினார்கள். இன்று நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான்: கைவிட்ட மண் பழைய நிலைக்குத் 'திரும்பிப்' போவதில்லை. கடைசியாக உழுதவர்கள் அதில் எதை வைத்துவிட்டுப் போனார்களோ, அங்கிருந்துதான் அது முன்னே நடக்கிறது.

இதற்கு ராதம்ஸ்டெட் மட்டும் சாட்சியல்ல. பிரான்ஸின் வடகிழக்கில் துய்லி என்ற ஊர்ப் பக்கத்துக் காட்டில் ரோமானியர் காலத்துப் பண்ணைகளின் தடயங்கள் உண்டு. முதல் மூன்று நூற்றாண்டுகளுக்குள் உழப்பட்டுக் கைவிடப்பட்டவை. ழான் லூக் துபுவேயும் துணைவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பழைய பண்ணைகளுக்கு அருகே போகப்போக மண்ணில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் கூடுவதைக் காட்டினார்கள். சத்தான மண்ணை விரும்பும் செடிகளும் அங்கேதான் அதிகம். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் போட்ட எரு இன்றைய காட்டில் எந்தச் செடி எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் கிரீக் என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. மணற்பாங்கான, சத்துக் குறைந்த நிலம். வெவ்வேறு ஆண்டுகளில் கைவிடப்பட்ட வயல்களையும், ஒருபோதும் உழாத புல்வெளியையும் அங்கே ஒப்பிட்டார்கள். 2019இல் வந்த முடிவு: கைவிட்டு 91 ஆண்டுகள் ஆன பிறகும், உழாத நிலத்தோடு ஒப்பிட்டால் செடி வகைகள் முக்கால் பங்குதான், விளையும் தாவரத்தின் அளவு பாதிதான். உழவு எடுத்துக்கொண்டதை ஒரு முழு ஆயுட்காலமும் திருப்பித் தரவில்லை.

சேர்வது இவ்வளவு மெதுவென்றால், போவது எப்படி? அதற்கும் ராதம்ஸ்டெட்டில் ஒரு வயல் இருக்கிறது. ஹைஃபீல்டில் பழைய புல்வெளியின் ஒரு துண்டை உழுது, 1959 முதல் ஒரு செடியும் முளைக்கவிடாமல் வெறும் மண்ணாக வைத்திருக்கிறார்கள். பெரும் இழப்பு முதல் இருபது ஆண்டுகளுக்குள் நடந்துவிட்டது. புல் நெடுங்காலம் சேர்த்து வைத்தது கண்முன்னே கரைந்தது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் எனக்கு எங்கள் காணியின் நினைவு வந்து குத்தியது.

2018இல் சித்தப்பா கேட்டார், துப்புரவு செய்யவேண்டும், காசு அனுப்ப முடியுமா என்று. செத்துப்போன மண்தானே, சுத்தமாக வழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டும் என்று நினைத்தேன். காசு அனுப்பினேன். பெக்கோ வந்தது. இரண்டு நாட்களில் எட்டுப் பரப்பை வேரோடு கிளறி வழித்து, எல்லையில் குவித்து நெருப்பு வைத்தார்கள். படம் வந்தது. சிவப்பாக, மட்டமாக, ஒரு புல்கூட இல்லாத நிலம். குடும்பக் குழுவில் எல்லோரும் கைதட்டுப் படமும் இதயப் படமும் போட்டோம். நானும் போட்டேன். அந்த முதல் போகம் வெங்காயம் சரிவரவில்லை. "பழுதான மண் எண்டு சொன்னனான்தானே" என்றார் அம்மா.

பழுதானது மண்ணா? 28 ஆண்டுகள் அந்தப் பற்றை இலை உதிர்த்து, வேர் விட்டு, வடலிக்கும் வேம்புக்கும் நிழலில் இடம் கொடுத்துச் சேர்த்தது மேலே இருந்த அந்த ஒரு சாணில்தான். அதைத்தான் பெக்கோ வழித்துக்கொண்டுபோய் எல்லையில் குவித்தது. கட்டிட இடிபாடும் குண்டுத் துண்டும் கிடந்த நிலத்தில் இயந்திரம் தேவைப்பட்ட இடங்கள் இருந்தன, அதை மறுக்கவில்லை. முதலில் கண்ணிவெடி அகற்றவேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் எட்டுப் பரப்பும் அப்படி இல்லை. பற்றை என்றால் அழுக்கு என்று நினைத்ததால்தான் வழித்தோம்.

வேறொன்றையும் யோசித்தேன். வலிகாமத்துச் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். பிராட்பால்க்குக்கு ஆட்கள் சுமந்து கொடுத்ததை எங்கள் ஊர் மண்ணுக்கு நிலமே கீழேயிருந்து கொடுத்திருக்கிறது. அதற்கு மேல், அப்பப்பா காலத்தில் பட்டி அடைத்தார்கள். வேலிப் பூவரசில் குழை வெட்டித் தாழ்த்தார்கள். தமிழ்நாட்டில் இதையே ஆட்டுக்கிடை போடுவது, கோடையில் ஏரி வண்டல் அடிப்பது என்று செய்வார்கள். சுண்ணம் சுமந்த அந்த இங்கிலாந்துக் கூலியாட்களுக்கும் இவர்களுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. நாங்கள் ஓடிய பிறகு அந்தப் பற்றை வெறும் மண்ணில் தொடங்கவில்லை. அவர்கள் வைத்துவிட்டுப் போனதிலிருந்து தொடங்கியது.

காசு போதாததால் கிணற்றடிப் பக்கம் இரண்டு பரப்பு அப்படியே நின்றுவிட்டது. போன மாதம் சித்தப்பா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, மிச்சத்தையும் வழிச்சு விடட்டோ? இப்ப பெக்கோ வாடகை கொஞ்சம் குறைவு."

"வழிக்க வேண்டாம் சித்தப்பா" என்றேன். "கத்தியால வெட்டுங்கோ. கிளப்ப வேண்டாம், நெருப்பு வைக்க வேண்டாம். வெட்டின குழையை அங்கேயே போட்டுத் தாழுங்கோ. முதலில பயறு போட்டுப் பாருங்கோ."

மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தார்.

"இதைச் சொல்லவோ இவ்வளவு படிச்சனீ? உதைத்தானே ஐயா செய்தவர்" என்றார்.

இரண்டு பரப்பிலும் பயறு போட்டிருக்கிறார். படம் இன்னும் அனுப்பவில்லை.